டிக்கெட் கொடுத்துவிட்டுப் படகில் ஏற்றாவிட்டால்?

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தங்கைக்கு இளம்பிள்ளை வாதம், வீல்சேரில்தான் போவாள். குடும்பத்தோடு கடலோரச் சுற்றுலா போனபோது, அவளுக்கும் சேர்த்தே படகு டிக்கெட் கொடுத்தார்கள். படகுத்துறையில் நான்கு படி. அப்புறம் மேடைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. 'ரிஸ்க், ஏற்ற முடியாது' என்று நிறுத்திவிட்டார்கள். பணமும் தரவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது. ஒதுக்கினால், நியாயமான நோக்கத்துக்காக, அதற்குத் தேவையான அளவுக்கு மட்டுமே அப்படிச் செய்ததாகக் காட்டவேண்டும். 'ரிஸ்க்' என்று வாயால் சொன்னால் போதாது.

ஆனால் 41ஆவது பிரிவையும் பாருங்கள். எல்லா வகைப் போக்குவரத்திலும் வசதி வேண்டும், பழைய வாகனங்களையும் மாற்றியமைக்க வேண்டும் என்கிற அதே பிரிவு, தொழில்நுட்பரீதியாக முடிகிற, பாதுகாப்பான, செலவு கட்டுப்படியாகிற இடங்களில் என்றும் சொல்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் மறுத்தால் நான் அவர் பக்கம்தான் பேசுவேன். பிடித்துக்கொள்ளக் கம்பிகூட இல்லாத பரிசலில் என்ன வசதியைச் செய்வது? உங்கள் விஷயம் வேறு. இங்கே தடை படகில் இல்லை, துறையில் இருக்கிறது. படிக்கு ஒரு சாய்தளம், இடைவெளிக்கு ஓரத்தில் தடுப்பு வைத்த அகலப் பலகை. கடல் மட்டம் ஏறி இறங்கும் என்பார்கள். பலகையின் ஒரு முனையைக் கீல் போட்டு மேடையில் பொருத்தினால் படகோடு சேர்ந்து அதுவும் ஏறி இறங்கும். அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்கவேண்டும் என்று 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, எங்கே போவது? டிக்கெட் பணமும் இழப்பீடும் வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. (இதைச் சொல்வதில் எங்களுக்கு நஷ்டம்தான்.)

துறையில் சாய்தளம் வரவேண்டுமானால் சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். சம்பந்தப்பட்டவர்களை வரவழைத்து விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், என்ன செய்தோம் என்று அந்தப் படகுத்துறையை நடத்துகிறவர்கள் 3 மாதத்தில் பதில் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால் இரண்டையும் செய்யுங்கள்.

இரண்டு மனுவும் தங்கை பெயரில், அவர் கையெழுத்தோடு போகட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை இணையுங்கள். டிக்கெட் மெஷினில் அடித்ததாக இருந்தால் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்; இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.