பதிவு கிடைத்த கட்சிக்குப் பக்கம் கிடைக்காதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் மாமாவும் இன்னும் சிலரும் சேர்ந்து பேராக், சுங்கை சிப்புட்டில் ஒரு புதிய கட்சி தொடங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. பதிவும் கிடைத்துவிட்டது. அதைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை எழுதினேன். மூன்றாம் நாளே 'குறிப்பிடத்தக்கமை இல்லை, நீக்கலாம்' என்று மேலே போட்டுவிட்டார்கள். ம.இ.கா.வுக்கு (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) பக்கம் இருக்கிறது, ஜ.செ.க.வுக்கு (ஜனநாயக செயல் கட்சி) இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் கூடாது? சின்னக் கட்சி என்பதால்தானே? எங்களைப் பற்றி வந்த 17 பத்திரிகைச் செய்திகளையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: பார்த்தேன் மகளே. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, 17 துண்டுகளையும் வரிசையாகப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்தேன். நீ ஒழுங்கான பிள்ளை, ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி எழுதியிருக்கிறாய், அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். இனி நான் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது.

முதலில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து அடுக்கினேன். ஒன்பது துண்டுகள் ஒரே அறிக்கை. பத்திரிகை வேறு, தலைப்பு வேறு, உள்ளே வரிகள் அப்படியே. 'ஒற்றுமை' என்ற சொல்லில் ஒரு 'ற்' விடுபட்டிருக்கிறது, அது ஒன்பதிலும் விடுபட்டிருக்கிறது. அப்படியென்றால் மாமா அனுப்பிய தாளை ஒன்பது இடத்தில் அச்சடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்து நான்கு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தலைவர் படத்தோடு போட்ட வாழ்த்து விளம்பரம். காசு கொடுத்துப் போட்டது செய்தி ஆகாது. இரண்டு, தோட்டத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை கொடுத்த படம், கீழே இரண்டு வரி. நல்ல காரியம்தான், ஆனால் அந்த இரண்டு வரியை வைத்துக் கட்சியைப் பற்றி என்ன எழுத முடியும்? ஒன்று தேர்தல் முடிவுப் பட்டியல், உங்கள் வேட்பாளர் பெயரும் வாங்கிய ஓட்டும் மட்டும்.

ஆகப் பதினாறு போய்விட்டது. மிச்சம் இருந்த ஒன்றைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். ஒரு நிருபர் தானாகத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். செம்பனைத் தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறார். உங்கள் கட்சிக்காரர்கள் வந்து என்ன செய்தார்கள் என்று ஒரு பாட்டியிடம் கேட்டிருக்கிறார், 'வந்தாங்க, பேசினாங்க, அப்புறம் ஆளைக் காணோம்' என்று இன்னொருவர் சொன்னதையும் மறைக்காமல் போட்டிருக்கிறார். அரைப்பக்கம். மாமாவுக்கு அந்தக் கட்டுரை பிடித்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதினேழில் கலைக்களஞ்சியத்துக்கு ஆகிற சரக்கு அது ஒன்றுதான்.

குறிப்பிடத்தக்கமை என்று அவர்கள் கேட்பது இதைத்தான். கட்சிக்குச் சம்பந்தம் இல்லாத ஒருவர், கட்சி சொல்லிக் கொடுக்காமல், பொறுப்பான ஓர் இடத்தில், கட்சியைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும். அதுவும் ஒரே ஒருவர் போதாது, வெவ்வேறு ஆட்கள் எழுதியிருக்க வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், கலைக்களஞ்சியம் எழுதுகிறவன் நேரில் போய் விசாரிக்கிற ஆள் கிடையாது. பிறர் விசாரித்து எழுதியதைத் தொகுத்துச் சொல்கிறவன். உன் கட்டுரையில் 'நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. யார் எண்ணினார்கள்? மாமா சொன்னார். மாமா பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, ஆனால் படிக்கிறவன் எதை வைத்து நம்புவான்? உன் கட்டுரையில் கட்சியே தன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஒரு பென்சிலால் அடித்துப் பார். எனக்கு மிஞ்சியது மூன்றரை வரி. மூன்றரை வரிக்குத் தனிப் பக்கம் கேட்க முடியாது. முடிவு என் கையில் இருந்தாலும், இன்றைக்கு நானும் நீக்கத்தான் சொல்வேன்.

சின்னக் கட்சி என்பதால் இல்லை. இதை நீ நம்ப வேண்டும், ஏனென்றால் சின்னக் கட்சிகளுக்குப் பக்கம் இருக்கத்தான் செய்கிறது. 1988-ல் ம.இ.கா.விலிருந்து நீக்கப்பட்ட பண்டிதன் 1990-ல் ஐ.பி.எப். (இந்திய முற்போக்கு முன்னணி) கட்சியைத் தொடங்கினார். அன்று ஆளுங்கூட்டணியாக இருந்த பாரிசானில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வருஷக்கணக்காகக் கேட்டும் உள்ளே விடவில்லை. இருந்தாலும் அந்த மோதலைப் பற்றிப் பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் எழுதிக்கொண்டே இருந்தார்கள், அதனால் எழுதச் சரக்கு இருக்கிறது. 2007 நவம்பர் 25-ல் இந்தியர் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு வந்த மக்கள் சக்தி கட்சியை 2009-ல் அன்றைய பிரதமர் நஜிப்பே வந்து தொடக்கி வைத்தார். அதை ஆதரித்தும் திட்டியும் எழுதாத ஆள் இல்லை. இந்தக் கட்சிகள் நல்லவையா, ஜெயித்தனவா என்பது வேறு பேச்சு. வெளியாள் எழுதியிருக்கிறான், அதுதான் கணக்கு.

சரி, இப்போது என்ன செய்யலாம். கட்டுரையை அழிய விடாதே, உன் பயனர் பக்கத்துக்குக் கீழே மணல்தொட்டி என்கிற வரைவுப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள். பேச்சுப் பக்கத்தில் 'கட்சிச் செயற்குழுவில் என் மாமா இருக்கிறார்' என்று முதல் வேலையாகச் சொல்லிவிடு. அதற்கு நலமுரண் என்று பெயர், சொல்லிவிட்டால் மரியாதை, மறைத்துப் பின்னால் தெரிந்தால் நீ எழுதிய நல்ல கட்டுரைகளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். அந்த அரைப்பக்கக் கட்டுரையின் பத்திரிகைப் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் அங்கே போடு. உன் அத்தை பிள்ளைகள், கட்சி இளைஞர் பிரிவு என்று பத்துப் பேரைக் கூட்டிவந்து 'வைத்திருங்கள்' என்று எழுத வைக்காதே. அங்கே தலையை எண்ணுவதில்லை, காரணத்தைத்தான் பார்ப்பார்கள், கூட்டம் சேர்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். வேட்பாளர் நின்றது உண்மை, எனவே தொகுதிப் பக்கத்தில் தேர்தல் முடிவு அட்டவணையில் கட்சிப் பெயர் ஒரு வரியில் வரலாம், அதை யாரும் மறுக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு பேர் அந்த நிருபர் மாதிரி எழுதினால் மணல்தொட்டியைத் திற.

கேள்வி: சங்கப் பதிவிலாகாவில் பதிவான கட்சி என்றால் அரசாங்கமே ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்? பதிவு இல்லாத கட்சியைக் கலைக்களஞ்சியத்தில் போடுவது தப்பு இல்லையா?
– ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, கோலகங்சார்

பதில்: ஐயா, பதிவு என்பது சட்டப்படி நடமாட அனுமதி. 1966 சங்கச் சட்டம் ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் என்றுதான் சொல்கிறது. மரண சகாய நிதிச் சங்கமும் அந்தச் சட்டத்தில்தான் வருகிறது, கட்சியும் அதில்தான் வருகிறது. பதிவுச் சான்றிதழ் இருக்கிற எல்லாவற்றுக்கும் பக்கம் போட்டால் ஒவ்வொரு கம்பத்துக் கோயில் கமிட்டிக்கும் போட வேண்டிவரும்.

இதற்கு உதாரணம் தேடி நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், பக்கத்து ஊர்க் கதைதான். மலேசிய சோசலிசக் கட்சி, நாம் பி.எஸ்.எம். என்கிறோமே, அது 1998-ல் பதிவுக்கு மனுப் போட்டது. கிடைக்கவில்லை. நீதிமன்றம் வரை போனார்கள். பதிவு கையில் வந்தது 2008-ல், பத்து வருஷம் கழித்து. அதே 2008 மார்ச் பொதுத் தேர்தலில், இன்னும் பதிவு இல்லாத நேரத்தில், அந்தக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) சின்னத்தில் சுங்கை சிப்புட்டில் நின்று, 1974-லிருந்து தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை 1,821 ஓட்டில் தோற்கடித்தார். அன்று ராத்திரி இங்கே பசார் பக்கம் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். பதிவைத்தான் பார்ப்பேன் என்று ஒரு கலைக்களஞ்சியம் அடம்பிடித்திருந்தால், அந்தத் தேர்தலின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்றை எழுதும்போது ஜெயித்தவர் எந்தக் கட்சிக்காரர் என்பதற்கு விளக்கமே இல்லாமல் போயிருக்கும். தோட்டத் தொழிலாளர்களோடு அவர்கள் வேலை செய்தது, பதிவு மறுத்தது, வழக்கு, எல்லாம் வெளியாட்களால் எழுதப்பட்டிருந்தது. பதிவு இல்லாத பத்து வருஷத்திலும் அது எழுதத் தகுந்த கட்சிதான்.

இளைஞர் கட்சியான மூடாவும் அப்படித்தான். 2020 செப்டம்பரில் தொடங்கி, 2021 தொடக்கத்தில் பதிவு மறுக்கப்பட்டு, வழக்காடி, 2021 டிசம்பரில்தான் பதிவு கிடைத்தது. அதற்குள் நாடு முழுக்க எழுதித் தள்ளிவிட்டார்கள்.

இன்னொன்று. 2018-ல் பி.எஸ்.எம். சொந்தச் சின்னத்தில் நின்ற எல்லா இடத்திலும் தோற்றது, சுங்கை சிப்புட்டும் போனது. அதனால் பக்கத்தை எடுத்துவிடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது. ஒருமுறை எழுதத் தகுந்தது பிறகு தோற்றாலும் எழுதத் தகுந்ததுதான். ஓட்டுப் போகலாம், வரலாறு போகாது.

கேள்வி: நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு தடவை நின்றாலே போதும், கட்சிக்குப் பக்கம் உறுதி என்று எங்கள் தலைவர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: உண்மை இல்லை. நாடாளுமன்றத்துக்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்றத்துக்கு 5,000 வெள்ளி வைப்புத்தொகை கட்டினால் யாரும் நிற்கலாம், பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்கு வராவிட்டால் அந்தப் பணம் போய்விடும். பக்கத்துக்காக நிற்கிறேன் என்று யாராவது கிளம்பினால் அந்தப் பத்தாயிரத்தை ஒரு தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: முந்நூறு வெள்ளி கொடுத்தால் எங்கள் கட்சிக்கு விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறேன், யாராலும் நீக்க முடியாது என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், கோலசிலாங்கூர்

பதில்: கொடுக்காதீர்கள். நீக்க முடியாத பக்கம் என்று அங்கே ஒன்று கிடையவே கிடையாது. காசு வாங்கி எழுதுகிறவர், யார் காசு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது விதி. உங்களிடம் வந்தவர் அதைச் சொல்லப் போவதில்லை.

கேள்வி: எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்தில் ஒரு கட்சி இருந்தது, ஒரு தேர்தலோடு கலைந்துவிட்டது. கூகுளில் தேடினால் ஒரு வரி கூட இல்லை. இணையத்தில் இல்லாததை எழுத முடியாது என்கிறார்கள். அப்போது நம் ஆட்கள் செய்ததெல்லாம் கணக்கில் வராதா?
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட், எல்பில் தோட்டத்தில் பிறந்தவர்

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் அம்மா. முதலில் அந்தத் தவறான தகவலைத் திருத்திவிடுகிறேன். சான்று இணையத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அச்சில் வந்த பத்திரிகை, புத்தகம், ஆய்வேடு எல்லாம் சான்றுதான். தமிழ்ப் பத்திரிகையும் சான்றுதான், ஆங்கிலத்தில் வந்தால்தான் செல்லும் என்பதும் கட்டுக்கதை. பெயர், தேதி, பக்கம் சரியாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் நூலகத்துக்குப் போய்ப் பார்க்க முடிய வேண்டும்.

நீங்கள் பிறந்த எல்பில் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி அங்கேயும் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுடப்பட்டார்கள், அதையொட்டித்தான் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷ்காரர்கள் அறிவித்த அவசரகாலம் வந்தது. அந்தச் செய்தி உலகத்தில் எந்த நூலகத்திலும் கிடைக்கும். அதே நாளில் அதே தோட்டத்தில் பால் வெட்டப் போன நம் ஆட்கள் எந்தச் சங்கத்தில் இருந்தார்கள், கூட்டம் எங்கே போட்டார்கள், சந்தா எவ்வளவு என்று தேடினால் மிகக் கொஞ்சம்தான் கிடைக்கும். துரையைப் பற்றி எழுத ஆள் இருந்தது, நம்மைப் பற்றி எழுத ஆள் குறைவு. மேலே அந்த மாணவிக்கு விதியை எடுத்துச் சொன்னேன், விதி சரிதான், எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நிருபர் நடந்து வராத தோட்டத்து ஆட்கள் மேல் அது மற்றவர்களைவிடக் கனமாக விழுகிறது. இது என் மனதை அறுக்கிற விஷயம்.

இருந்ததையும் நாம் காப்பாற்றவில்லை. 1924-லிருந்து வந்த தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றுபோனது. எத்தனை வீட்டில் அந்தப் பழைய தாளில் மீன் மடித்தோம், அலமாரிக்கு விரித்தோம். என் அப்பா கிளைச் செயலாளராக இருந்தவர். அவர் போன பிறகு வீட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு மைலோ டின் கிடைத்தது. உள்ளே சந்தா ரசீது அடிக்கட்டை, ஒரு பொதுக்கூட்ட நோட்டீஸ், உறுப்பினர் பட்டியல் பென்சிலில். நோட்டீஸில் நாளும் கிழமையும் இருக்கிறது, வருஷம் இல்லை. 'வரும் ஞாயிறு, 14-ஆம் தேதி' என்று போட்டிருக்கிறார்கள், போட்டவர்களுக்கு எந்த வருஷம் என்று தெரியும்தானே. நான் இன்றுவரை அதை எந்த வருஷம் என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் வைத்திருக்கிறேன்.

அந்த டின்னை வைத்து நேராக விக்கிப்பீடியாவில் எழுத முடியாது, அது அச்சில் வெளிவராத வீட்டுச் சரக்கு. ஆனால் ஒரு வரலாற்று மாணவர் கையில் போனால் ஆய்வேடு ஆகும், அந்த ஆய்வேடு சான்று ஆகும். உங்கள் அப்பா கட்சிக்கும் அதுதான் வழி. முதலில் தேசிய நூலகத்தில் அந்தத் தேர்தல் சமயத்துத் தமிழ்ப் பத்திரிகைகளைக் கேட்டுப் பாருங்கள், வேட்புமனுத் தாக்கலுக்கும் ஓட்டுப் போட்ட நாளுக்கும் இடைப்பட்ட இதழ்களைப் பார்த்தால் போதும், தேடுகிற வேலை பாதி குறையும். கிடைத்தால் பக்க எண்ணோடு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன். வீட்டில் அப்பாவின் தாள்கள் ஏதாவது இருந்தால் ரப்பர் பட்டை போடாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நூலால் கட்டி, உறை மேல் வருஷத்தை எழுதி வையுங்கள்.