துகள் முடுக்கிக் குழாயின் உள்ளே பூச்சு பூசினால் வெற்றிடம் கெடாதா?

"வெறும் உலோகமே போதாதா, பூச்சும் வாயுவைக் கக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம். கக்கும், நானே அதில் மாட்டியவன்.

அணுத்துகள்களை வெற்றிடக் குழாய்க்குள் அதிவேகமாக ஓட்டும் அந்த முடுக்கிகளில் வேலை செய்கிறவன் இல்லை நான். மலேசியாவில் பாடாங் செராயில் வீடு, கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெற்றிடக் கலனுக்குள் உலோகப் பூச்சு ஏற்றும் வேலை. கலனின் சுவரைக் காக்க உள்ளே தகடுகள் மாட்டியிருப்போம். நாள்பட்டால் அவற்றிலும் பூச்சு படிந்து, பால்மரப் பட்டை மாதிரி தடித்துப் பொருக்கு விடும். மாற்ற வேண்டிய நாள் தாண்டியும், "இன்னும் ஒரு தடவை ஓட்டலாம்" என்று விட்டிருந்தேன். பேய் மழை பெய்த ஒரு மத்தியானம் கலனைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பம்பைப் போட்டால், ஷிப்ட் முடிகிற வரைக்கும் அழுத்தம் இறங்கவே இல்லை. ஹீலியம் அடித்துப் பார்த்தோம், கசிவு கிடையாது. அந்தப் பொருக்கு முழுக்க நுண்துளைகள். ஈரக்காற்றைக் குடித்துவிட்டு மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் அண்ணன் விரலால் சுரண்டிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சரி, முடுக்கிக்கு வருவோம். கசிவில்லாத குழாயில் மிஞ்சும் வாயு சுவரிலிருந்தே வருகிறது. சூடாக்கி நீராவியை விரட்டினாலும், எஃகுக்குள் கரைந்த ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும். குழாயோ ஒடுக்கமானது. அந்த அழுத்தத்தில் வாயு ஓடுவதில்லை, மூலக்கூறுகள் சுவருக்குச் சுவர் மோதித் தட்டுத்தடுமாறித்தான் பம்புக்குப் போய்ச் சேரும். அதனால் சுவரையே பம்பாக்கிவிட்டார்கள். ஜெனீவா பக்கத்துத் துகள் ஆய்வு மையமான செர்னில் பென்வெனூட்டி என்பவரின் குழு உருவாக்கிய டைட்டானியம், சிர்கோனியம், வனேடியம் கலவைப் பூச்சு அது. தடிமன் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி என்ற செர்னின் முடுக்கி வளையத்தில், குளிரூட்டாத பகுதிகளில் சுமார் 6 கிலோமீட்டருக்கு இதைப் பூசியிருக்கிறார்கள். அங்கே அழுத்தம் வளிமண்டலத்தில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே. ஸ்வீடனின் மேக்ஸ் 4 முடுக்கி வளையத்திலும் செப்புக் குழாய்களுக்கு இதே பூச்சு.

மாமாக் கடை உப்புக் குப்பியில் அரிசி போட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஒரு வித்தியாசம்: அரிசியை வறுத்தால் ஈரம் வெளியே போய்விடும். இந்தப் பூச்சைச் சுமார் 200 டிகிரியில் ஒரு நாள் சூடாக்கினால், மேலே படிந்த ஆக்சைடு பூச்சுக்குள்ளேயே கரைந்து இறங்கி, மேற்பரப்பு மறுபடி பசியோடு நிற்கும். நீராவி, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் எல்லாவற்றையும் பிடிக்கும். ஆர்கானும் மீத்தேனும் மட்டும் பிடிபடாது, அவற்றுக்கு, வாயுவை மின்னேற்றிப் பிடிக்கும் அயனி பம்பு தனியாக வேண்டும்.

அப்புறம் எலக்ட்ரான் மேகம், அதாவது குழாய்க்குள் திரளும் எலக்ட்ரான் கூட்டம். சுவரில் மோதும் ஓர் எலக்ட்ரான் இரண்டை உதிர்த்தால், கூட்டம் பெருகிச் சுவரில் ஒட்டிய வாயுவையும் கிளப்பிவிடும். சூடாக்கித் தயார் செய்த இந்தப் பூச்சு அதைக் குறைக்கிறது. செர்னின் எஸ்பிஎஸ் என்ற இன்னொரு முடுக்கி வளையத்தில் இதற்கென்றே சில இடங்களில் கார்பன் பூசியிருக்கிறார்கள்.

வேறு விதமாகச் சொன்னால், இவை என் பொருக்குக்கு நேர் எதிர்: மெல்லியவை, சுவரோடு ஒட்டிக் கிடப்பவை. ஆனால் முடுக்கிக் குழாயையும் ஒவ்வொரு முறை காற்றுக்குத் திறக்கும்போது, அந்த ஒரு மைக்ரானுக்குள் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பசி குறைந்துகொண்டே போகும். திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற ஆள் அங்கே சரிப்பட மாட்டான்.