இருபது வயதில் மோரிஸ் மைனர் ஆசையா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நிறைய பழைய கார்களைப் பற்றியவை. அதிலும் கேட்டிருப்பவர்களில் பலர் இளையர்கள். எனக்கு ரொம்பவே சந்தோஷம். இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: வயது 21, தேசிய சேவை முடியப்போகிறது. மோரிஸ் மைனர் என்றால் உயிர். கையில் 8,000 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. எப்படித் தொடங்குவது? – ஈசூன் வாசகர்

தம்பி, முதலில் கார் வாங்காதீர்கள். ஆசையில் மண் அள்ளிப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம், முழுதாகப் படியுங்கள்.

இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் ஒரு பையன் ஓடாத வண்டி ஒன்றைச் சொற்ப விலைக்கு வாங்கி வீட்டுக் கொட்டகையில் போட்டு, சனி ஞாயிறுகளில் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூரில் நமக்கு அது முடியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார்நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை பார்க்க அனுமதி இல்லை. அதற்கு மேல் சிஓஇ, அதாவது பத்து வருடம் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவே 106,000 வெள்ளிக்குப் போனது ஞாபகம் இருக்கும். கிளாசிக் வாகனத் திட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, முதன்முதலில் பதிவு செய்து 35 ஆண்டுகள் ஆன கார்களை அதில் சேர்க்கலாம், ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டலாம், சிஓஇக்கு முழுத் தொகை கட்ட வேண்டியதில்லை. சரி, அப்படியே பார்த்தாலும் கார் விலை, கப்பல் கூலி, காப்புறுதி, மாதாந்திர நிறுத்தக் கட்டணம், பட்டறைச் செலவு என்று வரிசையாக வரும். 8,000 வெள்ளி முதல் சில மாதங்களுக்குள் கரைந்துவிடும், அப்புறம் வண்டியும் இருக்காது, ஆசையும் இருக்காது.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நல்ல ஸ்பேனர் செட், நுண்ணிய இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர் வாங்குங்கள். மிச்சத்தைத் தொடாதீர்கள். பிறகு, வண்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள். மலேசிய சிங்கப்பூர் விண்டேஜ் கார் ரெஜிஸ்டர் மாதிரி சங்கங்கள் இருக்கின்றன, அதில் இருப்பவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய ஒரு கை கிடைத்தால் அவர்களுக்கும் நிம்மதி. சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் யாராவது கிடைத்தால், சனிக்கிழமை வந்து துடைத்துக் கொடுக்கிறேன், எடுத்துக் கொடுக்கிறேன் என்று நேராகப் போய்க் கேளுங்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பரவாயில்லை, அடுத்தவரிடம் போங்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த கார் கற்றுக்கொள்ள அருமையானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இலிருந்து 1971 வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி என்பதால் உதிரி பாகங்கள் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன. 1950களிலிருந்து அதில் வரும் ஏ-சீரிஸ் எஞ்சின்தான் பழைய மினி காரிலும் இருக்கிறது, ஒன்றில் பழகினால் இரண்டுக்கும் ஆகும். அதில் கான்டாக்ட் பாயின்ட் (பிளக்குக்குத் தீப்பொறி வர மின்சாரத்தை விட்டு விட்டு இணைக்கும் முனைகள்) இடைவெளியை 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு என்று வைப்பது, பிளக் இடைவெளி 25 தௌ, வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எஸ்யூ கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வளவும் கைப்பழக்கமாகிவிட்டால் நடுவழியில் நிற்கும் தடவைகள் பாதியாகக் குறையும். முக்கியமாக, கார் பார்க்கப் போகும்போது ஏமாற மாட்டீர்கள். நம் ஊர் ஈரத்தில் துருதான் முதல் எதிரி. கதவுக்குக் கீழே இருக்கும் சில், ரப்பர் விரிப்புக்கு அடியில் தரைத்தகடு, பின் ஸ்பிரிங் பூட்டும் இடம், இந்த மூன்றையும் தட்டிப் பாருங்கள். சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். வெளியே மின்னும் பெயின்டைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள்தான் பிறகு வெல்டிங்குக்குக் காரின் விலையையே கொட்டுகிறார்கள்.

இரண்டு மூன்று வருடம் இப்படிப் போகட்டும். உங்களுக்கு வயது 24 தான் ஆகியிருக்கும். அதற்குள் உங்கள் கையைத் தெரிந்த யாரோ ஒருவர், விற்கும் நேரம் வரும்போது உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்.

கேள்வி: நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. பழைய கார்கள் வந்து நிற்கும் இடங்களுக்குப் போனால் “அப்பாகூட வந்தியாம்மா?” என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அப்புறம் யாரும் பேசுவதில்லை. போவதையே விட்டுவிடலாமா? – ஜூரோங் வெஸ்ட் வாசகி

விடவே விடாதீர்கள் அம்மா. இந்த ஊரில் கார் ஓட்டிய முதல் பெண் என்று அறியப்படும் திருமதி டேர், 1900களின் தொடக்கத்திலேயே எஸ்-1 என்ற எண் பூட்டிய வண்டியை ஓட்டியவர். அந்த வரலாறு தெரிந்த யாரும் உங்களை அப்படிக் கேட்கக் கூடாது.

அடுத்த தடவை போகும்போது “அழகா இருக்கு அங்கிள்” என்பதோடு நிறுத்தாமல், வண்டியைப் பற்றிக் குறிப்பாக ஒன்று கேளுங்கள். பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தாக மாற்றிவிட்டீர்களா? பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவது டைனமோவா, ஆல்டர்னேட்டரா? கேட்டுப் பாருங்கள், மனிதர் பானெட்டைத் திறந்துவிடுவார். பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், மினியில் 1969 வாக்கில்தான் அது மாறியது. விலை என்ன என்று மட்டும் எடுத்தவுடன் கேட்காதீர்கள். கேட்காமல் கதவில் கை வைக்காதீர்கள், பையில் இருக்கும் ஜிப் உரசினாலே அந்தப் பெயின்டில் கோடு விழும்.

வண்டி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்வமாக வரும் பிள்ளைகளிடம் யாரோடு வந்தாய் என்று கேட்பதற்குப் பதில், உட்கார்ந்து பார்க்கிறாயா என்று கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை இழுத்து, சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்ததும் மெல்ல உள்ளே தள்ளுவது எப்படி என்று ஒரு தடவை செய்ய விட்டால் போதும், அந்தப் பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது.

கேள்வி: என்னிடம் டாட்சன் 1200 இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அதில் அக்கறை இல்லை. இந்தக் காலத்துப் பசங்க எண்பது, தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களைக் கிளாசிக் என்கிறார்கள், அதையும் ஆளுக்கொரு மாதிரி மாற்றிவிடுகிறார்கள். எனக்குப் பிறகு என் வண்டியை யார் பார்ப்பார்கள்? – பிடோக், 68 வயது வாசகர்

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் ஒன்றைப் பணிவோடு சொல்கிறேன். நீங்கள் சலித்துக்கொள்ளும் அதே பசங்கதான் உங்கள் வண்டியைப் பார்க்கப்போகிறார்கள், வேறு யாரும் இல்லை.

உங்கள் டாட்சன் 1970-இல் வந்தபோது அதை யாரும் கிளாசிக் என்று வாங்கவில்லை. விலை கட்டுப்படியானது, பெட்ரோல் குறைவாகக் குடித்தது, நம்பி ஓட்ட முடிந்தது, அதனால் வாங்கினார்கள். இளமையில் அதில் ஏறிப் போன ஞாபகம்தான் இன்றைக்கு உங்களுக்கு அதை விலைமதிப்பில்லாததாக ஆக்குகிறது. 25 வயதுப் பையனுக்கு அந்த ஞாபகம் அவன் சித்தப்பாவின் கொரோலாவிலோ சிவிக்கிலோ இருக்கும். 1983-இல் வந்த ஏஇ86 கொரோலாவுக்கு இன்றைக்கு 40 வயது தாண்டிவிட்டது. சிஓஇ முறை 1990 மே மாதம் தொடங்கியது, அந்த ஆண்டு பதிவான கார்களே 2025-இல் 35 வயதை எட்டிவிட்டன. சட்டப்படியே அவை கிளாசிக் ஆகிவிட்டபோது நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இன்னொன்று, பத்து வருடம் முடிவதற்குள் பதிவை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதால் அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலானவை உடைக்கவோ ஏற்றுமதிக்கோ போய்விட்டன. மிஞ்சியிருப்பதை வைத்துக் காப்பாற்றும் பையன் பாராட்டுக்குரியவன்.

மாற்றி அமைப்பது எனக்கும் முழுதாகப் பிடித்த விஷயம் இல்லை. அசல் பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவது தவறு என்றே நினைக்கிறேன். கழற்றியதைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தால் பிறகு யாரும் பழையபடி பூட்டிக்கொள்ளலாம், அதை எடுத்துச் சொல்வது உங்களைப் போன்றவர்களின் வேலை. சொல்ல வேண்டுமானால் முதலில் அவர்களோடு பேச்சு வார்த்தை இருக்க வேண்டும். தாம்சன் ரோட்டில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்ததே, அதை ஓரத்தில் நின்று பார்த்திருந்தால் அவர்களிடம் அதைச் சொல்லுங்கள். பழைய அப்பர் தாம்சன் சாலையின் அந்த வளைவுகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். புக்கிட் தீமாவில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலை என்றால் இளையர்களுக்கு 1942-இல் பிரிட்டிஷார் சரணடைந்த இடம் என்று மட்டும்தான் தெரியும். 1980 வரை அங்கே கார்கள் பூட்டப்பட்டன என்று சொன்னால் கண் விரியக் கேட்பார்கள்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தப் பாகம் எங்கே வாங்கியது, எந்த போல்ட் அடம்பிடிக்கும், வெயிலில் நின்றால் எப்படி ஸ்டார்ட் செய்ய வேண்டும், எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். ரசீதுகளையும் அதோடு சேர்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்றால் வருத்தப்படாமல் வெளியே ஆள் தேடுங்கள். ஈசூன் தம்பியின் கடிதத்தைப் பார்த்தீர்களா? அப்படி ஒருவரை மாதம் ஒரு ஞாயிறு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகன் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பழைய கார் வாங்கப்போகிறானாம். மூவரும் பணம் போட்டு மூவரும் ஓட்டுவார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. – செங்காங், ஒரு தாய்

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் தடுக்க வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள். யார் பெயரில் பதிவு? அபராதமோ விபத்தோ வந்தால் அந்தப் பெயர்தான் முன்னால் நிற்கும். காப்புறுதியில் மூன்று ஓட்டுநர்களின் பெயரும் இருக்கிறதா? இளம் ஓட்டுநர் என்றால் விபத்தின்போது கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அதிகமாக இருக்கும். ஒருவன் விலகினால் அவன் பங்குக்கு என்ன கணக்கு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் பிள்ளைகள் பொறுப்பாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, பழைய வண்டியில் ஏர்பேக் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. மோரிஸ் மைனர் போன்றவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், இன்றைய காரைவிட நிற்க அதிக தூரம் எடுக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓட்டம் குறைவு என்பதால் டயரின் பூப் பள்ளம் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஓட்டுநர் உரிமம் எடுக்கப்போகிறேன். 3-ஆ, 3ஏ-ஆ? – உட்லண்ட்ஸ் வாசகர்

பழைய கார் ஆசை கொஞ்சமாவது இருந்தால் 3. பெரும்பாலான பழைய வண்டிகள் கியர் வண்டிகள், தானியங்கி வண்டிக்கு மட்டுமான 3ஏ வைத்துக்கொண்டு அவற்றை ஓட்ட முடியாது, பிறகு மாற்ற வேண்டுமென்றால் இன்னொரு தேர்வு எழுந்து நிற்கும்.

கேள்வி: நண்பரின் மினிக்கு எந்தப் பெட்ரோல் போடுவது? ஈயம் இல்லாத பெட்ரோல் எஞ்சினைக் கெடுக்கும் என்கிறார்களே? – தோ பாயோ வாசகர்

95 போதும். சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998-லேயே நின்றுவிட்டது. அந்த ஈயம் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது, எஞ்சினின் மேல்பாகமான ஹெட் பழைய வார்ப்பிரும்பாக இருந்தால், அது இல்லாமல் வேகமாக, வெகுதூரம் ஓட்டினால் தேய்மானம் வரும். வருடத்தில் சில நாட்கள் ஊருக்குள் மெதுவாக ஓட்டும் வண்டிக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்து வரச் சொல்லுங்கள், அது சீக்கிரம் சீக்கிரமாகக் குறைந்துகொண்டே போனால்தான் கவலை. வேறு வேலைக்காக ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட்டுகளையும் சேர்த்துப் போட்டுவிட்டால் பிறகு அந்தப் பேச்சே இல்லை.