ஜோக்கர் ரீசேர்ட் போட்டவனெல்லாம் ரசிகனா?

கேள்வி: என் தங்கையின் மகனுக்குப் பதினான்கு வயது. பேட்மேன் கதை வில்லன் ஜோக்கரின் படம் போட்ட ரீசேர்ட்டைக் கழற்றுவதே இல்லை. அவெஞ்சர்ஸ் பட வில்லன் தானோஸ் பேசிய வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஒரு காமிக்ஸ் கூடப் புரட்டியதில்லை. எல்லாம் படத்திலும் போனிலும் பார்த்ததுதான். பத்திரமாக வைத்திருந்த, தமிழில் வந்த முத்து காமிக்ஸ் ஒன்றை எடுத்து, 'இதுதான் அசல், படி' என்று கொடுத்தேன். இரண்டு பக்கத்தில் மூடிவிட்டான். இவர்களையெல்லாம் ரசிகர்கள் என்று எப்படிச் சொல்வது? அதுவும் வில்லனைப் போய்க் கொண்டாடுகிறார்களே?
(பெயர் வேண்டாம், உப்புவெளி, திருகோணமலை)

பதில்: நீங்கள் கொடுத்தது புத்தகமா, பரீட்சைத் தாளா? 'இதுதான் அசல்' என்று சொல்லிக் கொடுத்தால் எந்தப் பெடியனும் மூடத்தான் செய்வான்.

வில்லனைக் கொண்டாடுகிறான் என்று குறைப்படுகிறீர்கள். சரி, நீங்கள் யாரைக் கொண்டாடினீர்கள்? 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து உலோகக் கை மட்டும் அந்தரத்தில் நிற்குமே, அவரேதான். அவருடைய கதை 1962இல் பிரிட்டனில் ஆரம்பித்தபோது அவர் குற்றவாளி. உளவாளியானதெல்லாம் அப்புறம். லயன் காமிக்ஸ் கொண்டுவந்த ஸ்பைடர் இன்னும் மோசம் (சிலந்தி மனிதன் அல்ல, இவர் வேறு ஆள்). குற்ற உலகத்துக்கே சக்கரவர்த்தி ஆவதுதான் அவருடைய இலட்சியம். அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டே கொள்ளையடிப்பார். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னாளில் இந்த ஸ்பைடர் கதைகளையும் எழுதினார். நாம் விழுந்து விழுந்து படித்தோம். நம்மை யாரும் வங்கி கொள்ளையில் பிடிக்கவில்லை.

'எல்லாம் படத்தில் பார்த்ததுதான்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஜோக்கரின் கூட்டாளியான ஹார்லி குயின் என்ற பாத்திரம் பிறந்ததே 1992இல் வந்த பேட்மேன் தொலைக்காட்சிக் கார்ட்டூனில். காமிக்ஸுக்குள் அவள் வந்தது அதற்கு அடுத்த வருடம். பாத்திரமே திரைவழியாக உள்ளே வரலாம், உங்கள் மருமகன் வரக்கூடாதா? நம் ஊரில் தானோஸ் ரீசேர்ட் வாங்குவது சுலபம், தானோஸ் புத்தகம் வாங்குவதுதான் கஷ்டம். ஆங்கிலப் பதிப்பின் விலையும் கையைக் கடிக்கும். அவன் கைக்கு எட்டிய வழியில் வந்திருக்கிறான்.

அது ஏன் வில்லன்? ஹீரோ என்ன செய்வார் என்று பார்க்கும்போதே தெரியும். வில்லன் ஏன் இப்படிச் செய்கிறான் என்றுதான் மனசு குடையும். காமிக்ஸ்காரர்களுக்கே இது மெதுவாகத்தான் விளங்கியது. 1940இல் பேட்மேன் முதல் இதழிலேயே ஜோக்கரைச் சாகடிக்கத்தான் எண்ணியிருந்தார்கள். ஆசிரியர் தலையிட்டதால், ஆள் பிழைத்துவிட்டான் என்று காட்ட ஒரு கட்டம் கடைசி நேரத்தில் வரையப்பட்டது. அந்த ஒரு கட்டத்தில்தான் உங்கள் மருமகனின் ரீசேர்ட் தொங்குகிறது. (ஆசிரியர்களாலும் சில நன்மைகள் உண்டு!) எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னீட்டோ 1963இல் வந்தபோது வெறும் கெட்டவன். நாஜி வதைமுகாமில் சிறுவனாக இருந்து குடும்பத்தை இழந்தவன் என்ற பின்கதை 1980களில் சேர்ந்த பிறகுதான் வாசகர்கள் அவனை வேறு கண்ணால் பார்த்தார்கள்.

இதைத் திருகோணமலைக்காரருக்கு நான் விளக்க வேண்டுமா? கோணேஸ்வரத்துக்குப் போனவர், இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் பாறை இடுக்கான இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். சம்பந்தரின் கோணமலைப் பதிகத்து எட்டாம் பாட்டிலும் அவன் வருகிறான்: விரலால் அழுத்தி அவன் செருக்கை ஒடுக்கிய இறைவன், அவன் துதித்ததும் அருளும் கொடுக்கிறார்.

இனி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். தானோஸ் ஏன் விரலைச் சொடுக்கினான் என்று அவனிடம் கேளுங்கள். 'உலகத்தில் வளம் போதாது, அதனால் பாதி உயிர்களை அழித்தான்' என்பான். 2018இல் வந்த படத்தில் அப்படித்தான். ஜிம் ஸ்டார்லின் 1991இல் எழுதிய ஆறு இதழ்க் கதையில் காரணமே வேறு என்று சொல்லுங்கள். அங்கே மரணமே ஒரு பெண். அவள் மேல் உள்ள காதலில்தான் பாதிப் பிரபஞ்சத்தை அழிக்கிறான், அவளோ முகம் கொடுத்துக்கூடப் பேசமாட்டாள். இதைக் கேட்ட பிறகு அவனே அந்தப் புத்தகத்தைத் தேடுவான்.

'தானோஸ் செய்தது சரிதானே மாமா' என்று அவன் நின்றால் பயப்பட வேண்டாம், உட்கார்ந்து வாதாடுங்கள். ஒரு வீட்டில் ஒருவர் குறைந்தாலே என்ன ஆகும் என்று சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. மாயாவியை அதற்கு அப்புறம் எடுத்து வையுங்கள், அதுவும் அவர் குற்றவாளியாகத் திரியும் கதையாகப் பார்த்து.