வெயிலையும் வெள்ளத்தையும் தாங்கும் தோட்டம்: கேள்வி பதில்

சென்னையில் வீட்டைச் சுற்றி நம் மண்ணின் செடிகளை வைப்பது பற்றியும், வெளிச்சுவர் நிறம் பற்றியும் வந்த கேள்விகள் இவை. இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். சுவரில் ஏறும் சூட்டைச் செடி குறைக்கும், செடிக்கு விடும் தண்ணீர் சுவரைக் கெடுக்கவும் கெடுக்கும்.

திருவான்மியூரில் வீடு, முழுக்க மணல். முன்பக்கம் புல்தரை போடலாமா?

வேண்டாம் அம்மா. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அப்படி ஒரு கோடை வந்தால் புல்லுக்கு எங்கே போவீர்கள்? பொடுதலை வையுங்கள். தரையோடு படரும், ஓரளவு மிதித்தாலும் தாங்கும். சின்ன வெள்ளைப் பூவைத் தேடிப் பட்டாம்பூச்சி வரும். உப்புக்காற்றுக்குப் புன்னையும் பூவரசும் அசையாது.

வேளச்சேரியில் களிமண். மழையில் தண்ணீர் நிற்கிறது, மே மாதம் பாளம் பாளமாக வெடிக்கிறது. எந்தச் செடி நிற்கும்?

இதுதான் சென்னையின் உண்மையான கேள்வி. வறட்சியை மட்டும் தாங்கும் கள்ளி வகைகளை வாங்கி வைத்தால் ஐப்பசி மழையில் அழுகிவிடும். நமக்கு இரண்டையும் தாங்குகிற செடி வேண்டும். என் முதல் தேர்வு நொச்சி. இலையைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் வெளுத்திருக்கும். கசக்கினால் ஆவி பிடித்த வாசனை வரும். வருடம் ஒருமுறை வெட்டிவிட்டால் வேலி மாதிரி அடர்த்தியாக நிற்கும். மரம் வைக்க இடம் இருந்தால் புங்கன். ஆடாதோடையை மட்டும் மேடு கட்டி வையுங்கள், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது.

மேற்குச் சுவருக்கு அடர் சாம்பல் நிறம் அடிக்க ஆசை.

ஆசை புரிகிறது தம்பி, ஆனால் அந்தச் சுவருக்கு மட்டும் வேண்டாம். சாயங்காலம் நான்கு மணிக்கு அதில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பகல் முழுக்கக் குடித்த சூட்டை அது ராத்திரி படுக்கையறைக்குள் விடும். அடர் நிறம் அதை இன்னும் கூட்டும். வெள்ளை, சந்தனம், வெளிர்மஞ்சள் என்று போங்கள். சாம்பல் வேண்டுமென்றால் வாசல் பக்கம், நிழல் விழும் இடத்தில் அடியுங்கள். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நொச்சி வரிசை வைத்தால் சூடு இன்னும் குறையும். எல்லாவற்றுக்கும் முன்னால் மொட்டைமாடிக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். உச்சி வெயில் முதலில் இறங்குவது அங்கேதான்.

அப்புறம், சுவரின் அடியில் ஒன்றரை அடிக்குக் காவிப் பட்டை அடியுங்கள். மழை தெறித்து ஏறும் செம்மண் கறை அதில் தெரியாது. காவி என்பது இரும்புத் துருவின் நிறம், வெயிலில் எளிதில் வெளுக்காது. கோயில் சுவர்களில் நம் முன்னோர் அதை வைத்தது எவ்வளவு நல்ல தேர்வு!

போன வருடம் அடித்த பெயிண்ட் கீழ்ப்பகுதியில் கொப்பளித்து உரிகிறது.

சாவியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொடி இருந்தால் உப்புப் பூத்திருக்கிறது, அதாவது சுவருக்குள் ஈரம். மேலே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. ஒரு வீட்டில் இதே மாதிரிச் சுவருக்குக் காரணம், அதை ஒட்டியே வைத்திருந்த பூச்செடிப் பாத்திதான். தினமும் குழாய்த் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பாத்தியை இரண்டடி நகர்த்தி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர், அப்புறம் பெயிண்ட். மாசி, பங்குனி அதற்கு ஏற்ற மாதங்கள்.

வர்தா புயலுக்குப் பிறகு மரம் என்றாலே பயம். சின்ன இடத்துக்கு ஏதாவது?

2016 டிசம்பரில் சாய்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமே. காயா வையுங்கள். ‘காயாம்பூ வண்ணன்’ என்கிறோமே, அதே நீலப் பூ. நம் கரையோரப் புதர்க்காடுகளில் தானாக வளர்வது. கணு கணுவாகத் தண்டை ஒட்டிக் கொத்தாகப் பூக்கும். மெதுவாகத்தான் வளரும், பொறுமை வேண்டும். எந்த மரமானாலும் அடியைச் சுற்றிச் சிமெண்ட் பூசாதீர்கள், வேர் பரவ வழி விடுங்கள்.

எப்போது நடலாம்?

புரட்டாசி கடைசியில். நம் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், வேர் அதற்குள் இறங்கிவிடும். ஆனாலும் முதல் கோடையில் தண்ணீர் கட்டாயம். தினமும் தெளிக்காமல், மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு வாளி நிறைய ஊற்றுங்கள். சருகைக் கூட்டி எரிக்காமல் அடியில் பரப்புங்கள். இரண்டு விரற்கடை ஆழத்தில் மண் ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம்.