‘ஸ’ காதைக் குத்துகிறது: புது ஹெட்போன் பழகுமா, பழகாதா?

கேள்வி: ஐந்து வருடமாக ஒரு வயர்லெஸ் ஹெட்செட்டில்தான் பாட்டுக் கேட்டு வந்தேன். பேஸ் (தாழ்ந்த, கனமான ஓசை) தூக்கலாக இருக்கும். போன வாரம் பெயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம் மாடல் வாங்கினேன். எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பாடுகிறவர் ‘ஸ’, ‘ஷ’ சொல்லும்போதெல்லாம் காதில் குத்துகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. நூறு மணி நேரம் ஓட விட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். நான் கண்ணாடி அணிகிறவன். என்ன செய்யலாம்? – வாசகர், திருச்சி

பதில்: முதலில் ஆம்ப் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். உங்கள் ஹெட்போன் கெட்டுப்போகவில்லை. நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, மொத்த ஒலியும் பழையதைவிட வெளிச்சமாக, மெலிதாகத் தெரிவது. இது இரண்டு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். இன்னொன்று, ‘ஸ’ வரும் இடத்தில் மட்டும் குத்துவது. இது பழகும் என்று காத்திருக்காதீர்கள். அதைச் சரிசெய்ய வேண்டும், காசில்லாமலே செய்யலாம்.

டிடி 990 ப்ரோ ஸ்டூடியோ வேலைக்காக உருவான மாடல். பதிவில் ஒளிந்திருக்கும் சிறு பிசிறையும் பிடித்துக் காட்ட வேண்டும் என்பதால் ட்ரெபிள், அதாவது மேல் ஓசைகள், தூக்கியே இருக்கும். அளந்து பார்த்தவர்கள் எல்லோரும் காட்டுவது ஒன்றைத்தான்: 8 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் (ஓசை எவ்வளவு உயர்ந்தது என்பதன் அளவு) பக்கத்தில் ஒரு கூர்மையான மேடு, அதாவது அந்த ஓசைகள் மட்டும் மற்றவற்றைவிட உரக்க வரும். மனிதக் குரலில் ‘ஸ’ ஓசையின் வலு பெரும்பாலும் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது, ‘ஷ’ அதைவிடச் சற்றுக் கீழே தொடங்கும். ஆக, மேடும் ‘ஸ’வும் ஒரே இடத்தில் மோதுகின்றன. கவனித்துப் பாருங்கள், ஜால்ராவும் சலங்கையும் டிரம்ஸில் ஹை-ஹாட்டும் இதே மாதிரி முன்னால் பாயும். தவில், மிருதங்கத்தின் தொப்பி, ஆண் குரலின் அடி இவையெல்லாம் எந்தத் தொந்தரவும் தராது.

இதற்கு நேர் எதிரான ஒலியில் ஐந்து வருடம் இருந்திருக்கிறீர்கள். பேஸ் அதிகமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள மெல்லிய ஓசைகளை அது மூடிவிடும். மூளை அந்த மூடிய ஒலியையே இயல்பு என்று பதிந்துகொள்கிறது. இப்போது மூடி திறந்தாயிற்று, அதனால் கண் கூசுகிற மாதிரி இருக்கிறது.

மூளை எவ்வளவு தூரம் மாறிக்கொள்ளும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று 1998இல் நெதர்லாந்தின் நைமேகனில் நடந்த ஆய்வு. சிலருடைய காது மடலுக்குள் அச்சு வைத்து, காதின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று அவர்களால் முதலில் சொல்லவே முடியவில்லை. அச்சைக் கழற்றாமல் அன்றாட வேலைகளைப் பார்த்துவந்தார்கள். சில வாரங்களில் அந்தத் திறன் திரும்ப வந்துவிட்டது. அச்சை எடுத்ததும் பழைய காதும் உடனே சரியாக வேலை செய்தது. அது திசையைப் பற்றிய ஆய்வு, ஒலியின் நிறத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் கேட்கும் பழக்கம் கல்லில் செதுக்கியது இல்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. தொடர்ந்து அணிந்திருந்ததால்தான் அவர்களுக்குப் பழகியது என்பதையும் கவனியுங்கள்.

அதனால்தான் நண்பர் சொல்லும் நூறு மணி நேர யோசனையை நான் ஏற்பதில்லை. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் சவ்வு ஓட ஓட மாறுவது, கருவியால் அளந்தால் மிகச் சிறிய அளவுதான். 8 கிலோஹெர்ட்ஸ் மேடு வருவது சவ்வின், கிண்ணத்தின் வடிவமைப்பிலிருந்து. ஓட்டினால் அது தேயாது. நாளாக ஆக உண்மையில் மாறுவது காதைச் சுற்றி உட்காரும் மெத்தை. அது அமுங்கித் தலைக்குப் பொருந்தும். அதைவிட அதிகமாக மாறுவது உங்கள் செவிப்பழக்கம். யாரும் கேட்காத அறையில் ஹெட்போன் பாடிக்கொண்டிருந்தால் அந்தப் பழக்கம் வராது.

சரி, இந்த இரண்டு வாரத்தை எப்படிக் கழிப்பது? பழைய ஹெட்செட்டை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மாற்றி மாற்றிக் கேட்டால் ஒவ்வொரு முறையும் புதியது குத்தும், பழையது மந்தமாக இருக்கும்; எதுவும் பழகாது. நன்றாகத் தெரிந்த பாட்டுகள் ஐந்தாறை எடுத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும் என்று தொடங்குங்கள். குத்த ஆரம்பித்தால் கழற்றிவிடுங்கள். பொறுத்துக்கொண்டு கேட்பது பயிற்சி ஆகாது.

ஒலி அளவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். டிடி 990 முதுகு திறந்த வகை, அறைச் சத்தம் அப்படியே உள்ளே வரும். திருச்சி வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் விசிறியின் இரைச்சலில் கனமான பகுதி தாழ்ந்த ஓசைதான். அது பாட்டின் பேஸை விழுங்கிவிடும், ட்ரெபிளைத் தொடாது. பேஸ் போதவில்லையே என்று நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள். கூடவே ‘ஸ’வும் ஏறும். எனவே விசிறியை ஒரு புள்ளி குறைத்து, வால்யூமையும் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும்.

கண்ணாடி விஷயம் முக்கியம். கண்ணாடிக் காம்பு மெத்தைக்குக் கீழே சந்து விடும், அதன் வழியாகப் பேஸ் கசியும். பேஸ் குறைந்தால் ட்ரெபிள் இன்னும் தூக்கலாகத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே பாட்டை ஒரு நிமிடம் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால், அடுத்த கண்ணாடி வாங்கும்போது மெல்லிய காம்பாகப் பாருங்கள். ஹெட்போனை அரை அங்குலம் முன்னே அல்லது பின்னே தள்ளினாலும் மேல் ஓசைகள் மாறும். குத்தல் குறைவாக இருக்கும் நிலையைத் தேடிக்கொள்ளுங்கள்.

இனி ‘ஸ’வுக்கான வைத்தியம், ஈக்வலைசர் (சுருக்கமாக ஈக்யூ): ஒலியில் வேண்டிய பகுதியை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் மென்பொருள். கணினி விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ, அதன் மேல் பீஸ் என்ற முகப்பு, இரண்டும் இலவசம். இதில் ‘பீக்’ வகை ஃபில்டர் ஒன்றைச் சேர்த்து, மையம் 8500 ஹெர்ட்ஸ், அளவு மைனஸ் 5 டெசிபல், அகலத்தைக் குறிக்கும் ‘க்யூ’ 3 என்று வையுங்கள். ஆண்ட்ராய்ட் போனில் வேவ்லெட் செயலி இருக்கிறது. பல ஹெட்போன்களுக்கான திருத்தங்கள் அதிலேயே தயாராக உள்ளன, உங்கள் மாடலைத் தேடித் தேர்ந்தெடுத்தால் போதும்.

எல்லோருக்கும் 8500 சரியாக வராது. காதுக் குழாயும் மடலும் ஆளுக்கு ஆள் வேறு. இணையத்தில் கிடைக்கும் சைன் அலை ஒலி (ஒரே சீரான ‘பீப்’ ஓசை) ஒன்றை மிகக் குறைந்த வால்யூமில் வைத்து, 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 11 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஏறிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் ஒலி திடீரென்று முன்னால் பாயும், பிறகு அடங்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஃபில்டரின் மையத்தை அங்கே நகர்த்துங்கள். உங்கள் காதுக்கு அளவெடுத்துத் தைத்த திருத்தம் அதுதான்.

ஆனால் ட்ரெபிள் என்று ஒரே பட்டன் இருக்கும் ஈக்யூவில் அதை மொத்தமாக இறக்கிவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஹெட்போனில் ஒரு வீணைப் பதிவைக் கேளுங்கள்: கமகத்துக்காகக் கம்பியை இழுக்கும்போது விரல் மெட்டின் மேல் உரசும் ‘ஸ்ர்ர்’ ஓசை, மீட்டிய பிறகு நரம்பு மெல்ல மெல்ல அடங்கும் நுனி இரண்டும் துல்லியமாக வரும். நீங்கள் பணம் கொடுத்தது அதற்குத்தான். குறுகிய ஃபில்டர் குத்தலை மட்டும் எடுக்கும். மொத்த ட்ரெபிளை இறக்கினால் இதுவும் சேர்ந்து போய்விடும். விசிறியால் பேஸ் குறைகிறது என்றால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் கூட்டலாம். கூட்டினால் ப்ரீஆம்ப் என்று இருக்கும் இடத்தில் மைனஸ் 3 கொடுங்கள், இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி சிதறும்.

எல்லாப் பாட்டிலும் குத்துகிறதா, சிலவற்றில் மட்டுமா என்றும் பாருங்கள். யாரோ குறைந்த பிட்ரேட்டில் (அதிகமாகச் சுருக்கி) ஏற்றிய பழைய பாட்டில் சிம்பல் ஓசை தண்ணீரில் அலசுகிற மாதிரி கரகரக்கும். அது பதிவின் குறை, பழைய ஹெட்செட் மறைத்து வைத்திருந்தது.

ஆம்ப் பற்றி: ஓம் என்பது மின்தடையின் அளவு. 250 ஓம் என்பதால் சில போன்களில் ஒலி போதாமல் இருக்கலாம். முழு வால்யூமிலும் மெலிதாகக் கேட்டால் மட்டும் ஆம்ப் தேவை. ஒழுங்காக வேலை செய்யும் ஆம்ப் ஒலியைப் பெருக்கும், 8 கிலோஹெர்ட்ஸ் மேட்டைக் குறைக்காது. மெத்தைக்குள் இருக்கும் பஞ்சு வட்டுக்கு அடியில் ஒற்றைத் தாள் டிஷ்யூவை வட்டமாக வெட்டி வைப்பவர்களும் உண்டு. ட்ரெபிள் கொஞ்சம் அடங்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி வையுங்கள். ஆனால் ஈக்யூ அளவுக்கு அதில் துல்லியம் வராது.

ஹெட்போன் இல்லாதபோதும், பாத்திரம் உருளும் சத்தமோ குக்கர் விசிலோ வலி தருகிறது என்றால், அல்லது கழற்றிய பிறகும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்றால், ஹெட்போனைத் தொடாமல் காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, திருப்பித் தர எத்தனை நாள் அவகாசம் என்று இன்றே ரசீதைப் பாருங்கள். இரண்டு வாரம் அதற்குள் அடங்காவிட்டால் ஈக்யூவை இன்றைக்கே போட்டு, நான்கைந்து நாளில் முடிவெடுங்கள். அப்போதும் ஒத்துவரவில்லையா, தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். சென்ஹைசர் எச்டி 650 உங்கள் காதுக்குச் சாந்தமாக இருக்கும். அடி பேஸ் இந்த அளவு இருக்காது, ‘ஸ’ குத்தாது. அது 300 ஓம், அதனால் வாங்குவதற்கு முன் உங்கள் போனிலேயே மாட்டி வால்யூம் போதுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.