விஸ்கி சவரும் அதன் வாரிசுகளும் – கடிதம்

வணக்கம். காக்டெயில் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் பெனிசிலின், பேப்பர் பிளேன் என்ற இரண்டு காக்டெயில்களையும் குடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் விஸ்கி, எலுமிச்சை, ஏதோ ஓர் இனிப்பு. இது பழைய விஸ்கி சவர்தானே? பெயரை மாற்றினால் புதிதாகிவிடுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நாக்கு சரியாகவே கண்டுபிடித்திருக்கிறது. இரண்டும் சவர் குடும்பம்தான், அதாவது மதுவோடு புளிப்பும் இனிப்பும் சேர்ந்த கூட்டு. இந்தக் கூட்டு மிகப் பழையது. 1740இல் பிரிட்டிஷ் கடற்படையின் எட்வர்ட் வெர்னன், மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்கச் சொன்ன உத்தரவிலேயே சர்க்கரையும் எலுமிச்சையும் வருகின்றன. 1862இல் வெளிவந்த, அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸின் காக்டெயில் கையேட்டில் சவர் தனி வகையாகவே இருக்கிறது.

ஆனால் வெறும் பெயர் மாற்றம் என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்தக் குடும்பத்தில் புளிப்பு பெரும்பாலும் லெமன் (மஞ்சள் எலுமிச்சை) அல்லது லைம் (பச்சை எலுமிச்சை)தான். மாறிக்கொண்டே வந்தது இனிப்பு. விஸ்கி சவரிலும், ரம்மில் செய்யும் டைக்கிரியிலும் சர்க்கரை புளிப்பைத் தணிக்கும், அவ்வளவுதான். பிராந்தியில் செய்யும் சைட்காரிலும் டெக்கீலாவில் செய்யும் மார்கரிட்டாவிலும் அந்த இடத்துக்கு ஆரஞ்சு லிக்கர் (இனிப்பூட்டி மணமேற்றிய மது) வந்தது. இனிப்போடு பழத்தோலின் மணமும் சேர்ந்துகொண்டது.

பெனிசிலின், நியூயார்க்கின் மில்க் அண்ட் ஹனி மதுவிடுதியில் 2005 வாக்கில் பார்டெண்டர் சாம் ராஸ் உருவாக்கியது. போர்பன் (சோளத்தை முதன்மையாகக் கொண்ட அமெரிக்க விஸ்கி), லெமன், தேன் சேர்ந்த கோல்ட் ரஷ் என்ற காக்டெயில் அங்கே ஏற்கெனவே இருந்தது. ராஸ் போர்பனை எடுத்துவிட்டு ஸ்காட்ச் ஊற்றினார், தேனோடு இஞ்சியைச் சேர்த்தார், மேலே கொஞ்சம் ஐலா விஸ்கியை (ஐலா தீவின் புகைமணமுள்ள ஸ்காட்ச்) மிதக்கவிட்டார். உதட்டில் படும் முன்பே புகை மணம் மூக்கில் ஏறும். பிறகு தேன், அப்புறம் தொண்டையில் இஞ்சியின் காரம். விஸ்கி சவரில் இது கிடைக்காது. ஸ்ட்ரா போட்டுக் குடித்திருந்தால் அந்தப் புகையைத் தவறவிட்டிருப்பீர்கள்.

பேப்பர் பிளேனும் ராஸுடையதே. போர்பன், அப்பரோல், அமாரோ நோனினோ என்ற இரண்டு இத்தாலிய லிக்கர்கள், லெமன் நான்கும் சம அளவு. தனியாகச் சர்க்கரை கிடையாது. அந்த இரண்டு லிக்கர்களும் இனிப்பானவை, கூடவே கசப்பானவை. ஆகவே இனிப்பைப் புளிப்பு ஒரு பக்கமும் கசப்பு மறு பக்கமும் பிடித்து நிறுத்துகின்றன. நான்கையும் சம அளவில் கலக்கும் அந்த முறை, ஜின், பச்சை ஷார்ட்ரூஸ் (மூலிகை லிக்கர்), மராஸ்கினோ (செர்ரி லிக்கர்), லைம் கலந்த லாஸ்ட் வர்ட் என்ற காக்டெயிலிலிருந்து வந்தது. டெட்ராய்ட்டில் பிறந்து மறக்கப்பட்ட அதை, சியாட்டிலில் மர்ரே ஸ்டென்சன் என்ற பார்டெண்டர் மீட்டெடுத்தார். விஸ்கி சவர் பாட்டி என்றால், பேப்பர் பிளேனுக்கு லாஸ்ட் வர்ட்தான் தாய்.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். விஸ்கி 60 மி.லி., அப்போதே பிழிந்த லெமன் சாறு 22, சர்க்கரைப் பாகு 22. இன்னொன்றில் பாகுக்குப் பதில் தேன். தேனை வெந்நீரில் இளக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பனிக்கட்டியில் ஒட்டிக்கொள்ளும். பனிக்கட்டியோடு ஷேக்கரில் (மூடியுள்ள குலுக்கும் குவளை) ஊற்றி, அதன் வெளிப்பக்கம் பனி பூக்கும்வரை குலுக்குங்கள். உருகும் நீரும் இதில் ஒரு சேர்மானம். இரண்டையும் அருகருகே வைத்துக் குடித்துவிட்டு எழுதுங்கள்.